இலீற்றரும் வெப்பநிலையும்

திண்பொருளை அளப்பதினும் திரவத்தை அளப்பது அரிது. வெப்பநிலை மாறுந்தோறும் திரவத்தின் கனவளவு மாறும். அதனைக் கொண்ட கலமும் விரியும் அல்லது சுருங்கும். இவ்வுண்மையோடு அறிஞர் எங்ஙனம் போராடினர் என்பதை இலீற்றரின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

புரட்சிக்கு முற்பட்ட பிரான்சில் ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகள் வழங்கின. அக்குழப்பத்தை நீக்கும் பொருட்டு 1795 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆந் திகதிச் சட்டம் புதிய அளவைகளை வகுத்தது. பத்துச் சதமமீற்றர் பக்கமுடைய கனவுருவத்தின் கனவளவு இலீற்றர் எனப்பட்டது. ஒரு சதமமீற்றர் பக்கமுடைய கனவுருவத்தை நிரப்பும் தூய நீர், உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் கொண்டுள்ள நிறை கிராம் எனப்பட்டது. வெப்பநிலையைக் குறியாது நீரை அளவுகோலாகக் கொள்ளல் ஆகாதென்பதைச் சட்டம் இயற்றியோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

ஆயினும் அவர்கள் தெரிந்தெடுத்த வெப்பநிலை பொருத்தமாக அமையவில்லை. நீர் 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 4 பாகை வரை சூடேறச் சுருங்கும். அதன் பின்னரே விரியும். 4 பாகையில் அதன் அடர்த்தி உச்சமடைவதால், ஆங்கு வெப்பநிலை சிறிது பிறழினும் கனவளவு பெரிதும் மாறுவதில்லை. லெபேவர் ஜினோ, பப்ரோனி என்னும் இருவரும் பித்தளை உருளையொன்றை வளியிலும் நீரிலும் நிறுத்து ஆராய்ந்தனர். அதன் பயனாக 1799 இல் உச்ச அடர்த்தி நிலையே நியமமாயிற்று. பிளாற்றினத்தாலான கிலோகிராமும் அமைக்கப்பட்டது.

1901 இல் கூடிய மூன்றாவது நிறை அளவைப் பொது மாநாடு அமுக்கத்தையும் கருத்திற் கொண்டது. உச்ச அடர்த்தியிலும் நியம வளிமண்டல அமுக்கத்திலும் ஒரு கிலோகிராம் தூய நீரின் கனவளவே இலீற்றர் என அது விதித்தது. ஆனால், நுண்ணிய அளவீடுகள் இவ்விலீற்றர் பழைய கனவுருவத்தினும் பத்து இலட்சத்தில் 28 பங்கு பெரிதெனக் காட்டின. பிளாற்றினக் கிலோகிராம் சிறிது மிகையாக அமைந்துவிட்டமையே காரணம். இரண்டு அலகுகளால் விளைந்த மயக்கத்தை நீக்க, 1964 இல் பன்னிரண்டாவது மாநாடு 1901 ஆம் ஆண்டு விதியைக் கைவிட்டது. இலீற்றர் மீண்டும் கனவுருவத்தின் பெயராயிற்று.

இவ்வாறு அலகு வெப்பநிலையினின்று விடுபட்டது, ஆய்வுகூடம் விடுபடவில்லை. கண்ணாடிக் குடுவைகளில் 20 பாகை எனப் பொறித்திருத்தல் பெருவழக்கு. வெப்ப நாடுகளுக்கு 27 பாகையும் நியமமாகக் கொள்ளப்படுவதுண்டு. 20 பாகைக்குரிய இலீற்றர்க் குடுவையில் 30 பாகை நீரைக் குறிவரை நிரப்பினால், இரண்டு கிராமுக்கு மேற்பட்ட நீர் குறைந்தேயிருக்கும். யாழ்ப்பாணத்து நண்பகலில் இது நாடோறும் நிகழக்கூடியது. அலகை வகுத்தவர்களே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் பிழையைத் தாமே ஆராய்ந்து திருத்தினர். குடுவையின் கழுத்திற் பொறித்த சிற்றெண்ணை நோக்காது அளக்கும் மாணவன், அவர்தம் உழைப்பின் பயனை இழந்தவனாவான்.