கொலை முயற்சிக் குற்றச்சாட்டு (கோவில்பட்டிக் கரிசல் வட்டாரம்)

கொல்லும் நோக்கத்தோடோ, மரணம் நேரக்கூடும் என்று அறிந்தோ ஒருவர் செய்யும் செயல், எதிராளி இறந்திருந்தால் கொலையாகியிருக்கும் என்றால் அது கொலை முயற்சி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிக் காவல் நிலையங்களில் இது நெடுங்காலமாக ‘முந்நூத்தி ஏழு’ என்றே வழங்குகிறது.

பாளையக்காரர் காலத்தில் காவலும் தண்டனையும் பாளையங்களின் கையில் இருந்தன. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ காட்டும் கழுவேற்றத்தை நாவல் என்ற அளவிலேயே கொள்ள வேண்டும். கம்பெனி ஆட்சியில், 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சுற்று நீதிமன்றங்களையும் பௌஜ்தாரி அதாலத் என்ற மேல் குற்றவியல் நீதிமன்றத்தையும் கொண்டுவந்தன.

மெக்காலே குழு 1837-இல் அளித்த வரைவு, 1860-இல் இந்திய தண்டனைச் சட்டமாகி 1.1.1862 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 307-ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதித்தது. காயம் ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை போகலாம். பிரிவைவிட அதனடியில் உள்ள எடுத்துக்காட்டுகளே சுவையானவை. துப்பாக்கி வாங்கித் தோட்டா நிரப்பியவன் இன்னும் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. ஆளைக் குறிவைத்துச் சுட்டதும் செய்துவிடுகிறான். சோற்றில் விஷம் கலந்து தன்னிடமே வைத்திருக்கும்வரை குற்றமில்லை. மற்றவன் மேசையில் கொண்டுபோய் வைத்ததும் குற்றம் முடிந்தது, அவன் ஒரு கவளம்கூட உண்ணாவிட்டாலும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1912-ஆம் ஆண்டின் சூரியநாராயண மூர்த்தி வழக்கில், காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவருக்கு விஷம் வைத்த அல்வா தரப்பட்டது. அவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை எறிந்தார், பிழைத்தும் கொண்டார். எறிந்ததை எடுத்துத் தின்ற சிறுமி இறந்தாள். பிழைத்தவர் விஷயத்தில் கொலை முயற்சி என்பதில் சிக்கல் எழவில்லை. சிறுமியின் மரணம் கொலையா என்பதில்தான் நீதிபதிகள் பிரிந்தனர். பெரும்பான்மை கொலை என்றது, சுந்தர ஐயர் மறுத்தார். 1919-இல் பழனிக் கவுண்டன் வழக்கு வந்தது. மனைவியைக் கொழுவால் அடித்த கணவர், அவள் இறந்துவிட்டதாக எண்ணித் தற்கொலைபோலத் தோன்றத் தூக்கில் தொங்கவிட்டார். உயிர் போனது தூக்கில்தான். அடிக்கும்போது கொல்லும் நோக்கம் இல்லை, தொங்கவிடும்போது உயிருள்ள ஆள் என்ற எண்ணமே இல்லை. ஆகவே கொலைக்குற்றம் ஆகாது என்றது முழு அமர்வு. முதல் அடிக்கும், பொய்ச் சாட்சியம் உருவாக்க முயன்றதற்கும் தண்டிக்கலாம் என்றது. இத்தீர்ப்பை ஏற்காத சட்ட அறிஞர்களும் உண்டு.

17.6.1911-இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு இவ்வட்டாரத்துக்கு நெருங்கியது. சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டதால், மற்றவர்கள் மீது நடந்தது சதி வழக்கு.

காயமே தேவையா, செய்த செயல் தன்னளவில் உயிரைப் பறிக்கக்கூடியதாக இருக்க வேண்டுமா என்பது பழைய சச்சரவு. 1867-இல் பம்பாய் நீதிமன்றம் அப்படி இருக்க வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தது. 1891-இல் அலகாபாத் வேறு விதமாகப் பார்த்தது. மனைவியைப் பட்டினி போட்ட ஓம் பிரகாஷ் வழக்கில் (1961), கடைசிச் செயல் வரை போக வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். 1983-இல் பல்ராம் பாமா பாட்டீல் வழக்கில், உயிர்போகும் காயம் அவசியமில்லை என்றது. நடைமுறையில் எந்த ஆயுதம், உடலில் எந்த இடம், எத்தனை வெட்டு என்பவையே பெரும்பாலும் நோக்கத்தைத் தீர்மானிக்கின்றன.

அதனால்தான் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலுக்கு, அதாவது ‘ஏ.ஆர். காப்பி’க்கு, இவ்வளவு மதிப்பு. வரப்புத் தகராறோ கண்மாய்த் தண்ணீரோ, அரிவாள் வெட்டோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் எழுதிக்கொள்ளும் ஓரிரு வரி, எத்தனை பேர், தெரிந்தவர்களா, என்ன ஆயுதம், எத்தனை மணிக்கு, பின்னர் குறுக்கு விசாரணையில் வாக்குமூலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். மூன்று பேர் என்று முதலில் சொல்லிவிட்டுப் புகாரில் ஏழு பேரைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி ‘ராஜி’ ஆவதும் உண்டு. சட்டப்படி இது சமரசத்துக்கு உரிய குற்றமல்ல. எனினும் நரிந்தர் சிங் வழக்கில் (2014), காயத்தின் தன்மையைப் பார்த்துச் சில வழக்குகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்றது உச்ச நீதிமன்றம். கோவில்பட்டிக்கு அந்த உயர் நீதிமன்றம் 2004 முதல் மதுரைக் கிளை.

1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 109-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. ஆயுள் கைதி இக்குற்றத்தைச் செய்து காயம் ஏற்படுத்தினால் மரண தண்டனை, அல்லது இயற்கை மரணம் வரை சிறை. 1.7.2024-க்கு முன் நடந்த சம்பவங்கள் பழைய 307-இன் கீழேயே விசாரிக்கப்படுகின்றன.