மியூனிச் மன்றத்தில் ஒரு தீர்ப்பு



குற்றம் நிரூபிக்கப்பட்ட பின்னர், தண்டனையை அளந்து விதிக்குமுன், நீதிபதி இரண்டு வினாக்களை எழுப்புதல் மரபு. இவன் முன்னரும் குற்றம் புரிந்தவனா? செய்த குற்றத்துக்காக இன்று வருந்துகின்றானா? இவ்விரண்டிற்கும் விடை கண்முன் கிடந்தும், அதனைக் காண மறுத்த நீதிமன்றமொன்றை இன்று நினைவுகூர்வோம்.

1923ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி இரவு, ஜேர்மனியின் மியூனிச் நகரில், ஒரு பெரிய மதுச்சாலை மண்டபத்தினுள் அடொல்ப் ஹிட்லர் ஆயுதந் தாங்கிய தம் கூட்டத்தாருடன் புகுந்து, அரசாங்கம் கவிழ்ந்துவிட்டதெனப் பிரகடனஞ் செய்தார். மறுநாள் அவர்கள் நடத்திய ஊர்வலம் பொலிசாரின் துப்பாக்கிகளுக்கு முன் சிதறியது. பொலிசார் நால்வர் உயிரிழந்தனர். ஊர்வலத்தாரிலும் பலர் மாண்டனர்.

1924 பெப்ரவரி 26ஆந் திகதி, ஜோர்ஜ் நைட்ஹார்ட் என்னும் நீதிபதியின் தலைமையில் தேசத்துரோக வழக்கு ஆரம்பமாயிற்று. ஹிட்லர் மணிக்கணக்கிற் பேச அனுமதிக்கப்பட்டார். தாம் செய்ததை அவர் மறுக்கவில்லை. பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்றார். ஆயின், அது குற்றமன்று என்றார். 1918ஆம் ஆண்டிற் புரட்சி செய்தோரே துரோகிகள் என்றார். வரலாறு தம்மை விடுவிக்கும் என்றார். பொறுப்பை ஏற்றல் வேறு, வருந்துதல் வேறு. இவ்வேறுபாட்டை மன்றம் கருத்திற் கொள்ளவில்லை.

முற்குற்றமும் இல்லாமலில்லை. 1921இல் ஒட்டோ பாலர்ஷ்டெட் என்னும் அரசியல் எதிராளியின் கூட்டத்தை வன்முறையாற் குழப்பியதற்காக, 1922 ஜனவரியில் ஹிட்லருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு மாதமே சிறையிலிருந்தார். எஞ்சிய தண்டனை நன்னடத்தை நிபந்தனையின்பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்நன்னடத்தைக் காலம் முடியுமுன்னரே மியூனிச் கிளர்ச்சி மூண்டது.

ஏப்பிரல் 1ஆந் திகதி தீர்ப்பு வந்தது. சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த தண்டனை: ஐந்தாண்டுக் கோட்டைச் சிறை. ஆறு மாதங்களின் பின் விடுதலை பெறலாம் என்ற நம்பிக்கையும் அளிக்கப்பட்டது. குற்றவாளிகளைத் தூண்டியது தூய தேசப்பற்றே என மன்றம் கூறிற்று. குடியரசுப் பாதுகாப்புச் சட்டம் அந்நியரை நாடுகடத்துமாறு விதித்திருந்தும், அவுஸ்திரியப் பிரசையான ஹிட்லருக்கு அது பொருந்தாதெனத் தள்ளிற்று. டிசம்பர் 20ஆந் திகதி அவர் விடுதலையானார்.

1933 ஜனவரி 30ஆந் திகதி ஹிட்லர் ஜேர்மனியின் சான்சலரானார். அவ்வாண்டிலேயே நைட்ஹார்ட் மியூனிச் மேல்நீதிமன்றத்தின் தலைமைப் பதவிக்கு உயர்த்தப்பட்டார். பாலர்ஷ்டெட் 1934இற் கொலையுண்டார்.

கடுந்தண்டனை ஒன்றே பின்வந்த பேரழிவைத் தடுத்திருக்குமென உறுதியாகக் கூற யாராலும் இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. வருந்துபவனுக்குக் காட்டும் இரக்கம் நீதிக்கு அணிகலன். வருந்தாதவனுக்கு, அவன் கொள்கை தமக்கும் உவப்பானது என்பதற்காக நீதிபதிகள் காட்டும் இரக்கமோ, இரக்கமன்று, அது பக்கச்சார்பு. அன்று உயிர்நீத்த நான்கு பொலிசாரும் அம்மன்றத்திடம் எதிர்பார்த்திருக்கக் கூடியது நடுநிலை ஒன்றே. அதுவும் அவர்களுக்குக் கிட்டவில்லை.