பழைய கார் வாங்கும்போது டீசலா, பெட்ரோலா?

டீசல் வண்டி என்றால் எண்ணெய்ச் செலவு குறைவு என்ற பேச்சு ஜொகூர் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதியோடு அந்தக் கணக்கு மாறிவிட்டது. அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. தகுதியுள்ள டீசல் வண்டி உரிமையாளருக்கு மாதம் 200 ரிங்கிட் புடி மடானி உதவி அறிவிக்கப்பட்டது. ஆனால் வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டுபவருக்குக் கிடைக்காது.

பெட்ரோலில் சலுகை வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய திட்டத்தில், ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் மைகார்டைக் காட்டி ரோன்95 பெட்ரோலை 1.99 ரிங்கிட்டுக்கு வாங்கலாம். சிவப்பு அடையாள அட்டைக்காரருக்கு இது இல்லை. வீட்டில் அப்படி ஒருவர்தான் ஓட்டப்போகிறார் என்றால் கணக்கே வேறு.

பள்ளிக்கும் கடைக்கும் நாலைந்து கிலோமீட்டர் போய்வர டீசல் ஒத்துவராது. புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நல்ல சூட்டில் நீண்ட தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரியும்; இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். செம்பனைக் குலை ஏற்றிச் சேற்று ரோட்டில் இழுக்க வேண்டுமானால், டீசல் ஹைலக்ஸ் போன்ற வண்டிதான் சரி.

எதுவானாலும் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். நீலப்புகை விடாமல் வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. பெயர் மாற்றத்துக்கான வாகனச் சோதனையில் தேறிவிட்டது என்பதால் இஞ்சின் உள்ளே தேயவில்லை என்று ஆகாது.