வாவிக்கரை வெயிலும் விற்றமின் டியும்



நண்பகலில் கல்லடிப் பாலத்தைக் கடப்பவரிடம், மட்டக்களப்பிலும் வெயில் போதாக் குறை உண்டு என்று சொன்னால் அவர் நகைப்பார். ஆயினும் வெயில் பட்டுத் தோலில் உண்டாவதே விற்றமின் டி. பகலெல்லாம் வீட்டினுள்ளும் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கும் பெண்ணுக்கு வாவிக்கரை வெயில் எட்டுவதில்லை. கறுத்த தோலுக்கு வெயில் சற்று மிகுதியாகவும் வேண்டும். மாதவிடாய் தவறும் இளம்பெண்களுக்கு இக்குறையே காரணம் என்ற பேச்சு இப்பொழுது பரவியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

1935ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களுக்கு மாதவிடாய் பிறழ்ந்திருந்தது. சூலகங்கள் பருத்துச் சிறு நீர்ப்பைகள் நிறைந்திருந்தன. சூலகத்தின் ஒரு பகுதியை ஆப்புப்போல் வெட்டி எடுப்பதே அவர்கள் கண்ட பரிகாரம். மறு ஆண்டில் இலண்டனில் ஹிம்ஸ்வேர்த் என்பார், இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு இணங்காத ஒருவகை நீரிழிவு உண்டென்று காட்டினார். இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்க நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன! 1980இலேதான் இச்சூலக நோயுள்ள பெண்களின் குருதியில் இன்சுலின் மிகுந்திருப்பது எடுத்துக்காட்டப்பட்டது. அதே ஆண்டில், விற்றமின் டி அற்ற எலிகளில் சதையி இன்சுலினைக் குறைவாகச் சுரப்பதும் வெளியாயிற்று. இன்றைய பேச்சின் வித்து அங்கேயே விழுந்தது.

பின்வந்த ஆய்வுகள் பலவற்றில், இந்நோயுள்ள பெண்களிடம் விற்றமின் டி குறைந்திருக்கக் கண்டனர். ஆனால் அவர்களுள் பலர் உடல் பருத்தவர். விற்றமின் டி கொழுப்பில் தங்கிவிடும் இயல்புடையது; இன்சுலினுக்கு உடல் இணங்காமைக்கும் பருமனே துணைபோகிறது. ஆகவே இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். மாத்திரை கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகளும் ஒருமுகமாக விடை தரவில்லை. அமெரிக்காவில் நீரிழிவு வரக்கூடிய 2423 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய சோதனையில், நாளொன்றுக்கு 4000 அலகு கொடுத்தும் நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அது இச்சூலக நோயைக் குறித்த சோதனை அன்று என்பதையும் மறத்தலாகாது.

இது பிறர் நாட்டு நோய் அன்று. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையுள்ள பெண்களிடையே நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு ஆறு பேருக்கு இதனைக் கண்டது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிள்ளைப்பேறு தாமதித்தால் பழி பெண்மேலேயே விழுகிறது. அவளும் மருத்துவரிடம் செல்லாது, அயலார் சொன்ன மாத்திரையை வாங்கி விழுங்குகிறாள். இதுவே நமக்குக் கவலை. பருமனுள்ளவர் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீர்ப்படும். குருதியைச் சோதித்து, குறை தெரிந்தால் விற்றமின் டியும் கொள்ளலாம். சாளை, சூடை போன்ற மீன்களிலும் முட்டைக் கருவிலும் அது உண்டு. அளவின்றி மாத்திரை உண்டால் குருதியில் சுண்ணச்சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும்.