ஐபி மாற்று முகவரி

ஐபி மாற்று முகவரி என்பது சர்வரின் ஒரே பிணைய இடைமுகத்துக்குக் கூடுதலாக வழங்கப்படும் ஐபி முகவரி. ஒரே கணினியில் பல சேவைகளைத் தனித்தனி முகவரிகளில் இயக்கவும், பழுதான சர்வரின் முகவரியை மற்றொன்று ஏற்கவும் உதவுகிறது. லினக்ஸில் முன்பு இஃப்கான்ஃபிக் கட்டளையால் ஈத்0:0 போன்ற பெயரில் அமைக்கப்பட்டது. இப்போது பயன்படும் ஐபி கட்டளையால் பெயரொட்டின்றிச் சேர்த்த முகவரிகளை இஃப்கான்ஃபிக் காட்டாது. எனவே பிழையாய்வை ஐபி கட்டளையில் தொடங்குவதே சரி.

பல முகவரிகளோடு இரு நுழைவாயில்களும் கொண்ட சர்வரில், ஒரு வழியில் வந்த கோரிக்கைக்கான பதில் இயல்பு வழித்தடத்தில் வெளியேறித் தொலைவது கண்டறியக் கடினமான பழுது. பாக்கெட் வந்த இடைமுகமே அதன் மூலத்துக்குத் திரும்பும் வழியா எனப் பார்க்கும் கடுமையான எதிர்வழிச் சோதனை இயங்கினால், உள்வரும் பாக்கெட்டையே கர்னல் நிராகரித்துவிடும். மூல முகவரிவாரியாகத் தனி வழித்தட அட்டவணை அமைப்பது இதற்குத் தீர்வு. மற்றொரு பழுது: முகவரி வேறு சர்வருக்கு மாறிய பின்னும் நுழைவாயிலின் ஏஆர்பி அட்டவணை பழைய மேக் முகவரியையே வைத்திருப்பதுண்டு. புதிய சர்வர் யாரும் கேட்காமலே அனுப்பும் ஏஆர்பி அறிவிப்பு அதைப் புதுப்பிக்கும்.