படத்துக்கு ஒரு சட்டம்

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சர்க்கார் போடுவதும் சட்டம். தச்சர் அடிப்பதும் சட்டம். முன்னதை மீறினால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம். பின்னதை மீறவே முடியாது. அதற்குள் அடங்காதவர் படத்திலேயே இருக்க மாட்டார். யோசித்துப் பார்த்தால், தச்சர் அடிக்கிற சட்டம்தான் இரண்டிலும் கடுமையானது என்று தோன்றுகிறது.

கைபேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் இன்று இந்தச் சட்டத்தோடு பரிச்சயம் உண்டு. பேரனின் காதுகுத்துக்கு எடுத்த படத்தை ஊரார் பார்க்கட்டும் என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். போடுவதற்கு முன்னால், அகலம் 1080 பிக்சல், உயரம் 1350 பிக்சல் என்று ஓர் அளவு குறுக்கே வந்து நிற்கிறது. 'ஸ்டோரி'யில் போட வேண்டுமானால் 1080-க்கு 1920. கைபேசியைப் படுக்க வைத்து எடுத்த படத்தில் அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு. அதை அந்த நெட்டைச் சட்டம் நிறையும்படி வெட்டினால், அகலத்தில் பாதிகூட மிஞ்சாது. நூற்றுக்கு 42 பங்குதான் தேறும். வரிசையாக நாலு பேர் நின்றிருந்தால் இரண்டு பேர் முழுசாக மிஞ்ச மாட்டார்கள். தாய்மாமனுக்கு ஒரு தோள் போய்விடும். அத்தை அடியோடு காணாமல் போவாள்.

"செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா?" என்று நம்மவர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. தறிப்பார்கள் என்பதுதான் புகைப்படத்தின் சரித்திரம் சொல்லும் பதில். அந்தச் சரித்திரம் இன்ஸ்டாகிராமோடு தொடங்கியதல்ல. அது கிட்டத்தட்டப் புகைப்படத்தோடேயே பிறந்தது.

1839-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் தாகேர் என்பவரின் முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேல் வெளிச்சமே படம் எழுதியது. முழுத் தகட்டின் அளவு ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம். அதில் படம் எடுத்துக்கொள்ளப் பணக்காரர்களால்தான் முடிந்தது. மற்றவர்களுக்காகத் தகட்டைத் துண்டு போட்டார்கள். அரைத் தகடு, கால் தகடு, ஆறில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று அல்வாக் கடையில் நிறுத்துக் கொடுப்பது போலப் பங்கு பிரித்தார்கள். அமெரிக்காவில் பெரும்பாலோர் வாங்கியது ஆறில் ஒரு பங்கு. இரண்டே முக்கால் அங்குலத்துக்கு மூன்றே கால் அங்குலம். ஒரு மனிதன் எவ்வளவு பெரிதாக நினைவில் நிற்கலாம் என்பதை அவனுடைய பணப்பை தீர்மானித்தது.

இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் திஸ்தேரி என்ற பாரிஸ் நகரத்துப் புகைப்படக்காரர் ஒருவர். கலைஞர் என்பதைவிட நல்ல வியாபாரி என்று அவரைச் சொல்லலாம். 1854-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அவர் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விஷயம் எளிது. ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரு பெரிய படத்துக்குப் பதிலாகப் பல சின்னப் படங்களை எடுத்துவிடுவது. வழக்கத்தில் எட்டுப் படங்கள் எடுத்தார்கள். காமிராவுக்கு நாலு கண். தகட்டின் ஒரு பாதியில் நாலு படம் பதிந்ததும், தகட்டை நகர்த்தி மறு பாதியில் இன்னும் நாலு. ஒரே காகிதத்தில் அச்சிட்டு, கத்தரியால் எட்டாக வெட்டி, இரண்டரை அங்குலத்துக்கு நாலு அங்குலமுள்ள அட்டையில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அக்காலத்துக் கனவான்கள் கொடுக்கும் விசிட்டிங் கார்டின் அளவு அது. ஆகையால் 'கார்த் த விசீத்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

1859-இல் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி இத்தாலிப் போருக்குப் படையோடு புறப்பட்டவர், வழியில் சேனையை நிறுத்திவிட்டுத் திஸ்தேரியின் கடைக்குள் நுழைந்து படம் எடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. சரித்திர ஆசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அதை விட்டுவிட மனமில்லை. வெளியே பட்டாளம் காத்திருக்க, உள்ளே சக்கரவர்த்தி மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு நல்ல காட்சி! இப்படி ஒரு கதை கிளம்பி நிலைத்தது என்பதே அந்தச் சின்ன அட்டையின் மோகம் எவ்வளவு என்பதைக் காட்டுகிறது.

மோகத்தின் ரகசியம் என்ன? மலிவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எல்லா அட்டையும் ஒரே அளவு என்பது. அளவு ஒன்றானதால் ஆல்பம் பிறந்தது. கெட்டிப் பக்கங்களில் ஜன்னல் போல வெட்டிய துளைகள். லண்டனில் எடுத்த படமானாலும், நியூயார்க்கில் எடுத்த படமானாலும் அந்த ஜன்னலில் கச்சிதமாக நுழையும். 1860-இல் மேயால் என்பவர் விக்டோரியா ராணியின் குடும்பத்தை இந்த அளவில் படம் பிடித்து விற்பனைக்கு விட்டார். மறு வருஷம் ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தபோது ஒரே வாரத்தில் அவருடைய படங்கள் 70,000 விற்றன என்று சொல்வார்கள். சாதாரணக் குடும்பத்தின் கூடத்திலே அம்மா படத்துக்குப் பக்கத்து ஜன்னலில் ராணி உட்கார்ந்தாள். வந்த விருந்தாளிக்குக் காப்பி வருவதற்குள் ஆல்பத்தை எடுத்து நீட்டினார்கள். யாருடைய ஆல்பத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பேச்சுக்குரிய விஷயமாயிற்று. இன்று விரலால் தள்ளிப் பார்க்கும் சங்கதிக்கு இதுதான் பாட்டி.

ஆனால் ஜன்னல் முதலில் வந்து, மனிதன் பிறகு வந்தால் என்ன ஆகும்? மனிதன் ஜன்னலுக்கு ஏற்றபடி நிற்க வேண்டியதாயிற்று. அட்டை உயரமானது, ஒடுக்கமானது. ஆகவே தலை முதல் கால் வரை நின்ற கோலமே நாகரிகமாயிற்று. பக்கத்தில் மிஞ்சிய வெற்றிடத்தை நிரப்ப ஒரு தூண், ஒரு திரைச்சீலை, ஒரு நாற்காலி. மளிகைக் கடைக்காரரும் அட்டைத் தூணில் கை வைத்து அரசகுமாரர் போல நின்றார். முகமோ மிளகு அளவு. அதில் சுருக்கமும் தெரியாது, சோகமும் தெரியாது. 1866 வாக்கில் லண்டனில் 'காபினெட்' என்ற பெரிய அட்டை வந்தது. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம். முகம் பெரிதாயிற்று, கூடவே அம்மைத் தழும்பும் பெரிதாயிற்று. நெகட்டிவின் மேல் பென்சிலால் முகத்தைத் திருத்தும் தொழில் செழித்தது. அளவு இரண்டு அங்குலம் வளர்ந்தவுடன் மனிதருக்குத் தம் முகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது!

அந்தச் சின்ன அட்டையைத் தன் வழிக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஸோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்புப் பெண்மணி நியூயார்க் ராஜ்யத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை அடைந்த பிறகு அடிமை ஒழிப்புக்காகவும் பெண்களின் உரிமைக்காகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாது. 1864-இல் தம்முடைய கார்த் படங்களுக்குத் தம் பெயரிலேயே உரிமை பதிவு செய்துகொண்டு, கூட்டங்களில் விற்றார். நிழலை விற்று உடலைக் காப்பாற்றுகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அடியில் அச்சிட்டார். வெள்ளைச் சால்வை, மூக்குக் கண்ணாடி, மடியில் பின்னல் நூல். கதியற்ற அடிமையாக நிற்காமல், மதிப்புள்ள குடும்பத்துப் பெரியவளாக அமர்ந்திருக்கிறார். சட்டம் பிறர் போட்டதுதான். அதற்குள் எப்படி இருப்பது என்பதை அவரே தீர்மானித்தார்.

திஸ்தேரியின் கதை அப்படி முடியவில்லை. அவருடைய முறையை எல்லோரும் காப்பியடித்தார்கள். விலை சரிந்தது, கடை நொடித்தது. 1889-இல் வறுமையில் இறந்துபோனார்.

அப்புறம் வந்த அளவுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் என்பவர் சினிமாவுக்குரிய 35 மில்லிமீட்டர் பிலிமைச் சின்னக் காமிராவில் போட்டார். சினிமாவின் கட்டம் சிறிதாக இருக்கவே, இரண்டு கட்டத்தைச் சேர்த்து 24-க்கு 36 மில்லிமீட்டர் ஆக்கினார். 1925-இல் லைகா என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. வருஷக்கணக்காக நாம் ஸ்டுடியோவில் வாங்கிய நாலுக்கு ஆறு அங்குலப் படம் அந்தக் கட்டத்தின் வாரிசு. ஆனால் அதே பிலிமை எட்டுக்குப் பத்து அங்குலக் காகிதத்தில் பெரிதாக்கினால் கணக்கு இடித்தது. எட்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் வேண்டும், காகிதமோ பத்துதான். இரண்டு அங்குலம் எங்கே போகும்? கல்யாணக் குரூப் போட்டோவின் இரண்டு ஓரங்களிலும் நிற்கிறவர்களின் தலையில்தான் போய் விடியும். ஓரத்தில் நிற்பவர்கள் யார்? மாப்பிள்ளையின் தகப்பனாரா ஓரத்தில் நிற்பார்? ஏழை உறவினர்கள்தான் நிற்பார்கள்.

ஜெர்மனியிலேயே 1929-இல் ரோலிபிளெக்ஸ் காமிரா சதுரப் படத்தோடு வந்தது. அதை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பது கஷ்டம். சதுரமாக இருந்தால் சாய்க்கவே வேண்டாம் அல்லவா? தேவையில் பிறந்த அந்தச் சதுரம், பின்னால் போலராய்டு போன்ற காமிராக்களிலும் வந்து, பழைய நாட்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கியபோது சதுரத்தையே சட்டமாக்கியது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? படத்துக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை ஒட்டி, சதுரத்துக்குள் தங்கள் செவ்வகத்தை ஒளித்து வைத்தார்கள். ஐந்தில் ஒரு படம் சதுரமாக இல்லை என்று கண்டுகொண்ட கம்பெனி, 2015 ஆகஸ்டில் சட்டத்தைத் தளர்த்தியது. 2025 ஜனவரியிலோ, ஒருவருடைய படங்கள் வரிசையாகத் தோன்றும் பக்கத்தில் சதுரத்தை எடுத்துவிட்டு நெட்டைச் செவ்வகத்தை வைத்தது. வருஷக்கணக்கில் சதுரம் சதுரமாகக் கோலம் போட்டு வைத்திருந்தவர்களின் கோலம் ஒரே இரவில் கலைந்தது.

இவையெல்லாம் கோலம் கலைந்த கதை. மனிதர் கலைந்த கதையும் உண்டு.

ட்விட்டர் 2018 முதல், பெரிய படத்தில் எந்தப் பகுதியை முதலில் காட்டலாம் என்று தீர்மானிக்கும் வேலையை ஒரு யந்திரத்திடம் விட்டிருந்தது. 2020-இல் சிலர் அதைச் சோதித்தார்கள். மிக நீளமான ஒரு படத்தின் ஒரு நுனியில் ஒபாமாவின் முகம். மறு நுனியில் மிச் மக்கானல் என்ற வெள்ளை அரசியல்வாதியின் முகம். யந்திரம் வெள்ளை முகத்தையே எடுத்துக் காட்டியது. நுனிகளை மாற்றி வைத்தார்கள், அப்போதும் அதுவேதான். கம்பெனி ஆராய்ந்து பார்த்து 2021 மே மாதம் முடிவை வெளியிட்டது. யந்திரத்தின் தராசு வெள்ளையர் பக்கம் சிறிது சாய்ந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. படத்தை எப்படி வெட்டுவது என்பதை மனிதர்களே தீர்மானிப்பது நல்லது என்றும் சொன்னது.

மனிதர் கையில் விட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஸ்விட்ஸர்லாந்தின் டாவோஸ் நகரில், பருவநிலை மாறுதலை எதிர்த்துக் குரல் கொடுக்கும் ஐந்து இளம் பெண்கள் பனிமலைப் பின்னணியில் சேர்ந்து நின்றார்கள். கிரேட்டா துன்பர்க் அவர்களில் ஒருவர். ஓரத்தில் நின்றவர் உகாண்டா தேசத்து வனெஸ்ஸா நகாட்டே; ஐவரில் அவர் ஒருவரே கறுப்பர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெளியிட்ட படத்தில் நாலு பேர்தான் இருந்தார்கள். நகாட்டேயின் பின்னால் ஒரு கட்டிடம் தெரிந்தது, அது பார்வையைக் கெடுத்தது, ஆகவே வெட்டினோம் என்று காரணம் சொன்னார்கள். வெட்டியவருக்கு வேறு எண்ணமே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பேசிய பெண், உலகம் பார்த்த படத்தில் இல்லை. என்னோடு ஒரு கண்டத்தையே அழித்துவிட்டீர்கள் என்று அவர் கேட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. முழுப் படத்தையும் வெளியிட்டது.

கத்தரிக்கு நிறம் தெரியாது, பகையும் தெரியாது. அது ஓரத்தைத்தான் வெட்டும். ஓரத்தில் யாரை நிற்க வைப்பது என்பதை உலகம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. இதனால்தான் அளவு என்பது வெறும் அங்குலக் கணக்கல்ல.

நாம் என்ன செய்யலாம்? வெட்டியே ஆக வேண்டும் என்றில்லை. படத்தைச் சுருக்கி, மேலும் கீழும் வெள்ளை இடம் விட்டுச் சட்டத்துக்குள் வைக்கலாம். பார்வைக்குச் சற்றுச் சிறிதாகத் தெரியும், ஆனால் எல்லோரும் இருப்பார்கள். இழுத்துப் பொருத்துவது மட்டும் வேண்டாம். குண்டான மாமா ஒல்லியாகிவிடுவார். வெட்டித்தான் தீர வேண்டும் என்றால், நடுவில் இருப்பவரைப் பார்ப்பதற்கு முன் ஓரங்களை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வெட்டியது எதுவானாலும் மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

திஸ்தேரியின் கடையில் அச்சாகி, எக்காரணத்தாலோ கத்தரி படாமல் தப்பிய தாள்கள் சில இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. ஒரே தாளில் எட்டுப் படங்கள். ஒன்றில் நிமிர்ந்து நிற்பவர், இன்னொன்றில் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வெட்டி விற்ற லட்சக்கணக்கான அட்டைகளைவிட வெட்டாத இந்தத் தாள்களைத்தான் இன்று ஆராய்ச்சிக்காரர்கள் ஆசையோடு புரட்டுகிறார்கள். ஆல்பத்து ஜன்னல் காட்டாத மனிதனை அவற்றில்தான் பார்க்க முடிகிறது.