2 எம்பி சுவர்: பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரிய கோப்பு ஏற்றிய வரலாறு

பிஎச்பி-யில் சின்னதாக ஒரு தளம் செய்து பார்த்தவர்கள் அநேகமாக எல்லாரும் இந்தச் சுவரில் முட்டியிருப்பீர்கள். படிவத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் 2 எம்பி-க்கு மேல் போகாது. ஹோஸ்டிங் கணக்கிலோ இடம் ஏராளமாகக் காலியாக இருக்கும். அப்புறம் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

கோப்பு அனுப்புவது வலையை விடப் பழைய வேலை. எஃப்டிபி-க்கான முதல் ஆவணத்தை (ஆர்எஃப்சி 114) 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். ஐஐடி கான்பூரின் முதல் அணி மாணவர், அப்போது எம்ஐடி-யில் இருந்தார். வலைப்பக்கப் படிவங்களில் ஆரம்பத்தில் எழுத்து மட்டும்தான் அனுப்ப முடிந்தது. 1995 நவம்பரில் ஜெராக்ஸைச் சேர்ந்த எர்னஸ்டோ நெபல், லாரி மாசின்டர் இருவரும் ஆர்எஃப்சி 1867-ஐ வெளியிட்டார்கள். படிவத்தில் 'பிரௌஸ்' பொத்தான் வந்தது அந்த வழியில்தான்.

அந்த முறையில் ஒரு சிக்கல். முழுக் கோப்பும் ஒரே கோரிக்கையில் போக வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதிக்கு எஃப்டிபி-யில் தனிக் கட்டளையே உண்டு, படிவத்தில் கிடையாது.

பகிர்வு ஹோஸ்டிங் என்றால் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள். ஹோஸ்டிங்காரர் பயந்தது வட்டு நிறைவதற்கு மட்டுமல்ல. பெரும்பாலான 56கே மோடங்களில் மேலே அனுப்பும் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 33.6 கிலோபிட். 2 எம்பி போக எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் அப்பாச்சியின் ஒரு பிராசஸ் அந்த ஒருவருக்காகவே காத்துக்கொண்டிருக்கும். பஸ் படிக்கட்டில் ஒருவர் நின்று சில்லறை தேடினால் பின்னால் இருப்பவர்கள் கதி என்ன? அதேதான்.

பிஎச்பி-யோடு வந்த இயல்பு மதிப்புகள் இவை: ஒரு கோப்பு 2 எம்பி, மொத்தப் படிவம் 8 எம்பி, நிரல் ஓட 30 விநாடி. (ஏற்றும் நேரம் அந்த 30-இல் சேராது. பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள்.) பெரும்பாலான ஹோஸ்டிங்காரர்கள் இவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். நிரலுக்குள்ளிருந்து கோப்பு வரம்பை மாற்ற முடியாது. ஹெச்டிஆக்சஸ் கோப்பில் ஒரு வரி எழுதலாம். ஆனால் பிஎச்பி அங்கே சிஜிஐ-யாக ஓடினால் அந்த வரியாலேயே தளம் முழுவதும் 500 பிழை காட்டிப் படுத்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், 8 எம்பி-யைத் தாண்டினால் நிரலுக்குக் கோப்பும் வராது, தட்டச்சிட்ட விவரமும் வராது. அரை மணி நேரம் காத்திருந்தவருக்குக் காலிப் படிவம்!

படம் போகாவிட்டால் சுருக்கி அனுப்பலாம். தரவுத்தளத்தை என்ன செய்வது? ஹோஸ்டிங் மாறும்போது பல வருடப் பதிவுகளும் மறுமொழிகளும் ஒரே எஸ்க்யூஎல் கோப்பாகக் கையில் இருக்கும். பிஎச்பிமைஅட்மின் அதை வாங்காது. இதற்கு 2003 வாக்கில் அலெக்ஸி ஓசெரோவ் எழுதிய பிக்டம்ப் என்ற சின்ன நிரல் பலரைக் காப்பாற்றியது. கோப்பை முதலில் எஃப்டிபி-யில் ஏற்றிவிட வேண்டும். நிரல் சுமார் 3000 வரிகளை மட்டும் படித்து தரவுத்தளத்தில் சேர்க்கும், நிறுத்திவிடும். எந்த இடத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு, பக்கம் தன்னைத் தானே மறுபடி அழைக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக 30 விநாடி! எந்த விதியும் மீறப்படவில்லை. மற்ற தளங்களுக்கும் இடையிடையே வழி கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே அழகான இடம் இதுதான்.

படிவத்தில் இதே தந்திரத்தைச் செய்யத் தடையாக இருந்தது உலாவி. ஜாவாஸ்கிரிப்டால் கோப்பைத் திறந்து பார்க்க முடியாது. 2005-இல் வந்த ஃபிளாஷ் 8 பல கோப்புகளைத் தேர்ந்தெடுக்கவும், எவ்வளவு போயிற்று என்று பட்டையில் காட்டவும் உதவியது. பார்க்க ஜோர்தான், ஆனால் சுவர் சர்வரில் அல்லவா இருக்கிறது? 2 எம்பி 2 எம்பி-யாகவே இருந்தது.

2009 நவம்பரில் டபிள்யூ3சி-யின் ஃபைல் ஏபிஐ முதல் வரைவு வெளியானது. அடுத்த சில வருடங்களில் உலாவிகளே கோப்பைத் துண்டு போடக் கற்றன. பிளப்லோட் போன்ற நிரல்தொகுப்புகள் ஒரு எம்பி, ஒரு எம்பி-யாக வெட்டி அனுப்ப, சர்வரில் ஒரு குட்டி நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியது. ஒரு துண்டு தவறினால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். ஏழை ஹோஸ்டிங்கின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். அமேசான் எஸ்3-யும் 2010 நவம்பரில் துண்டு துண்டாக ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது.

பிஎச்பி-யும் இறங்கி வந்தது. 2009-இல் 5.3 பதிப்பு, சிஜிஐ-யாக ஓடும் இடங்களில் ஒவ்வொரு கணக்குக்காரரும் தன் கோப்புறையிலேயே வரம்பை மாற்றிக்கொள்ள வழி தந்தது. பிஎச்பி 4 காலத்தில் 8 எம்பி-யாக இருந்த நினைவக வரம்பு இன்று 128 எம்பி. கோப்பு ஏற்ற வரம்பின் இயல்பு மதிப்பு மட்டும் பிஎச்பி 8-லும் அதே 2 எம்பி :-)